ஆவணி மூல வீதி சந்துல இருக்கிற மரத்தூண் வீடு, 400 வருசம்னு சொல்றது நெசமா?

தம்பி, நீங்க கேட்டத மொதல்ல சுருக்கமா சொல்லிக்கிறேன், புதுசா படிக்கிறவங்களுக்கும் புரியணும்ல. மதுரையில வடக்காவணி மூல வீதிய ஒட்டி ஒரு சந்துக்குள்ள உங்க தாத்தா வீடு, நடுவுல முற்றம், சுத்தி எட்டு மரத்தூணு, மேல மச்சு (மரக்கட்டை மேல போட்ட தளம்), பின்பக்கம் மட்டும் ஒரு மாடி, முன்பக்கம் ஓடு. திருமலை நாயக்கர் காலத்து வீடு, 400 வருசம் ஆச்சுன்னு உங்க பெரியப்பா சொல்றாரு. வாசல் நிலைக்கு மேல 'தாது வருஷம்'னு செதுக்கியிருக்கு, ஓட்டுல 1865-னு இருக்கு. பழைய மரம் வாங்குறவரு ஒருத்தர் வந்து ரெண்டு தூணுக்கு மட்டும் விலை பேசிட்டுப் போயிருக்காரு, இன்னொருத்தர் இடிச்சுட்டு அஞ்சு மாடி போடலாங்கிறாரு. வீட்டோட உண்மையான வயசு என்ன, ரெண்டு தூண எடுத்தா என்ன ஆகும், இதானே கேள்வி.

400 வருசம்லாம் இருக்காதுங்க. பெரியப்பா மனசு சங்கடப்படும்தான், ஆனா திருமலை நாயக்கர் ஆண்டது 1623-லேர்ந்து 1659 வரைக்கும், மஹால் கட்டுனது 1636. அந்த மஹாலே முழுசா மிஞ்சல, நாம டிக்கெட் வாங்கிட்டு உள்ள போய் பாக்குறது அரண்மனையில ஒரு பகுதிதான், பத்துத்தூண் சந்துல கடைகளுக்கு நடுவுல மாட்டிக்கிட்டு நிக்கிற கல்தூணுங்களும் அதோட மிச்சம்தான். ராஜா கட்டுனதுக்கே அந்த கதின்னா சந்துக்குள்ள செங்கல், சுண்ணாம்பு, மரம்னு கட்டுன வீடு அப்படியே நிக்குமா. அதுலயும் 1736-ல நாயக்கர் ஆட்சி முடிஞ்சதுக்கு அப்புறம் ஊரு பட்ட பாடு கொஞ்சமில்ல, சந்தா சாகிப்பு, மராட்டியர், நவாபு, கம்பெனிக்காரன்னு கைமாறிக்கிட்டே இருந்து, கடைசில கம்பெனிய எதிர்த்து நின்ன தளபதி கான்சாகிப்ப பிடிக்கிறதுக்கு 1763, 64-ல மாசக்கணக்குல முற்றுகை போட்டு பீரங்கியால அடிச்சிருக்காங்க. அதுக்கெல்லாம் தப்பிச்ச வீடே இல்லன்னு அடிச்சு சொல்ல மாட்டேன். ஆனா இப்ப மாசி வீதிக்குள்ள நாம பாக்குற மரத்தூண் வீடுகள்ல பெரும்பாலானது 19-ம் நூற்றாண்டு நடுவுலேர்ந்து 1930-கள் வரைக்கும் கட்டுனது, இல்லன்னா அந்த காலத்துல பிரிச்சு திரும்ப கட்டுனது.

பெரியப்பா சொல்றதுல ஒரு பாதி சரி, அது தெரு. சித்திரை, ஆவணி மூலம், மாசின்னு மீனாட்சி கோயில சுத்தி ஒண்ணுக்கு வெளிய ஒண்ணா இருக்கிற வீதி அமைப்பு நாயக்கர் காலத்துக்காவது போகும், விஸ்வநாத நாயக்கர் 16-ம் நூற்றாண்டுல ஒழுங்கு பண்ணதுன்னு சொல்வாங்க. அதனால உங்க மனை பழசு, அதுல வீடுன்னு ஒண்ணு ரொம்ப காலமா இருந்திருக்கலாம், ஆனா இப்ப நிக்கிற வீடு அது இல்ல. இதுவே உங்க வீடு மாரட் வீதியிலயோ பெருமாள் மேஸ்திரி வீதியிலயோ இருந்திருந்தா எனக்கு வேலை ஈசி. ஏன்னா 1840-ஐ ஒட்டி கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டைச்சுவர இடிச்சு அகழிய மூடுனதுக்கு அப்புறம்தான் வெளி வீதிகளும் இந்த ரெண்டு வீதியும் உருவாச்சு, வேலைய பாத்த சர்வேயர் மாரட் பேரும் மேஸ்திரி பெருமாள் பேரும்தான் தெருவுக்கே வெச்சிருக்கு. அங்க எந்த வீடும் அதுக்கு முன்னாடி போகாது. (விளக்குத்தூண் அந்த பிளாக்பர்னுக்கு ஊர்க்காரங்க வெச்சது, இப்ப அதுக்கு கீழ நின்னு ஜவுளி வாங்குறவங்கள்ல எத்தன பேருக்கு தெரியும்னு தெரியல.) ஆவணி மூல வீதிக்கு அந்த மாதிரி வரம்பு கிடையாது, அதனால வீட்டையேதான் கேக்கணும்.

வீட்ட கேக்குறதுக்கு முன்னாடி அது எப்படி நிக்குதுன்னு தெரிஞ்சுக்கோங்க. நீங்க "முழுக்க மரத்துலயே நிக்கிற வீடு"ன்னு எழுதியிருந்தீங்க, அப்படி இல்ல. வெளிநாட்டுல மரச்சட்டம் கூடு மாதிரி நின்னு நடுவுல சுவர அடைச்சிருப்பாங்களே, நம்ம ஊரு வீடு அந்த ரகம் கிடையாது. இங்க சுத்தி தடிச்ச செங்கல் சுவரு, சில வீட்டுல உள்ள மண்ணும் கலந்திருக்கும், முற்றத்த சுத்தி மரத்தூணு. தூணுக்கு மேல போதிகைங்கிற அகலமான தலைக்கட்டை, போதிகை மேல உத்திரம், உத்திரத்துல ஒரு முனையும் சுவருல ஒரு முனையுமா கட்டைங்க வரிசையா உக்காந்திருக்கும், அதுக்கு மேலதான் மச்சு. அதாவது பாரத்த சுவரும் தூணும் பங்கு போட்டுக்கிது. தூணு தரையில புதைஞ்சும் இருக்காது, ஒரு கல்லு மேல சும்மா நிக்கும், கல்லுல சின்னதா குழி எடுத்து தூணோட அடிக்கழுந்த அதுல இறக்கியிருப்பாங்க, ஈரம் ஏறாம இருக்கவும் கரையான் கண்ணுக்கு தெரியாம ஏறாம இருக்கவும். உங்க போட்டோல அந்தக் கல்லே தெரியல. ரோடு ஏற ஏற தரையையும் ஏத்தி டைல்ஸ் ஒட்டுனதுல கல்லு உள்ள போயிருச்சு, இப்ப மரம் நேரா டைல்ஸ தொட்டுக்கிட்டு நிக்குது. இத மனசுல வெச்சுக்கோங்க, பின்னாடி வர்றேன்.

இப்ப ஆதாரங்களுக்கு வருவோம். ஓட்டுல இருக்கிற 1865-ஐ பாத்து வீடு 1865-னு முடிவு பண்ணிராதீங்க, இதுல ஏமாறாத ஆளே கிடையாது. மங்களூர்ல பாசல் மிஷன்காரங்க ஓட்டு ஃபேக்டரி ஆரம்பிச்ச வருசம் அது, அந்த ஃபேக்டரி அதுக்கப்புறம் அடிச்ச ஓட்டுலயும் அதே வருசத்த போட்டுத்தான் விட்டாங்க. 1910-ல வாங்குன ஓட்டுலயும் 1865 இருக்கும். அதோட முதல் உலகப் போருக்கு அப்புறம் அந்த ஃபேக்டரிங்க காமன்வெல்த் டிரஸ்ட் கைக்கு போச்சு, அதனால ஏணி போட்டு ஏறி ஒரு பத்து பதினஞ்சு ஓட்ட திருப்பிப் பாருங்க, எல்லாத்துலயும் ஒரே பேரா, காமன்வெல்த்துன்னும் கலந்து கிடக்கான்னு. கலந்து கிடந்தா உடைஞ்ச ஓட்ட அப்பப்ப மாத்தியிருக்காங்கன்னு அர்த்தம். இன்னொண்ணும் இருக்கு, சீமை ஓடு, அதாவது இந்த மங்களூர் ஓடு, இந்த ஊருக்கு சல்லிசா வந்து சேர்ந்தது 1875-ஐ ஒட்டி ரயில் வந்ததுக்கு அப்புறம்தான். அதுக்கு முன்னாடி நாட்டு ஓடு. நாட்டு ஓட்டுக்குப் போட்ட கூரையில சரிவும் கை மரத்தோட (கூரைய தாங்குற சாய்வு மரம்) நெருக்கமும் வேற மாதிரி இருக்கும், மேல ரீப்பர் (ஓடு உக்கார்ற குறுக்குச் சட்டம்) மட்டும் புதுசா அடிச்சு சீமை ஓடு ஏத்தியிருந்தா கை மரத்துல பழைய ஆணி ஓட்டை வரிசையா தெரியும். கை மரம் பனையா இருந்தா சந்தோசப்படுங்க. வைரம் பாஞ்ச பனை நூறு வருசத்துக்கு மேலயும் தாங்கும், ஆனா பனைக்கு வளையம் கிடையாது, அத வெட்டிப்பாத்து வயசு சொல்றேன்னு எவனாவது வந்தா அனுப்பி விட்ருங்க.

அடுத்து 'தாது வருஷம்'. அறுபது வருசத்துக்கு ஒருதடவ திரும்ப வர்றதுதான் நம்ம வருசம், அதனால இது 1876-77 ஆகவும் இருக்கலாம், 1936-37 ஆகவும் இருக்கலாம். 1876 தாது வருசம்னா பஞ்சம், சனம் கொத்துக்கொத்தா செத்த வருசம், வடக்காவணி மூல வீதியில குஞ்சரத்தம்மா சொத்த வித்து கஞ்சி ஊத்துனாங்கன்னு உங்க தெருக்கதையாவே சொல்வாங்களே, அந்த வருசம். அந்த நேரத்துல ஒருத்தன் நிலை வெச்சு பேர் செதுக்கி கிரகப்பிரவேசம் பண்ணுவானான்னா, கையில காசும் களஞ்சியத்துல நெல்லும் இருந்தவன் பண்ணியிருப்பான், கூலி மலிவா கிடைச்ச காலம்தானே. அதனால பஞ்சத்த வெச்சு மட்டும் தள்ளிற முடியாது. ஆனா நான் 1936 பக்கம்தான் சாயுறேன், காரணம் உங்க பின்கட்டு மாடி போட்டோ. அங்க மர உத்திரத்துக்கு பதிலா இரும்பு கர்டர் போட்டிருக்கு, பெயிண்டுக்குள்ள பாதி மறைஞ்சு 'டாடா'ன்னு எழுத்து மேடா தெரியுது. டாடா கம்பெனி ஜாம்ஷெட்பூர்ல உருக்கு உருக்க ஆரம்பிச்சதே 1912. அதனால அந்த மாடி 1876-க்கு போக வழியே இல்ல. மாடி கட்டுனப்ப முன்வாசலையும் புதுசா எடுத்து வெச்சு வருசத்த செதுக்கியிருக்காங்கன்னு வெச்சா கணக்கு சரியா வருது. அத உறுதி பண்ண ஒரு வழி, நிலைக்கும் சுவருக்கும் நடுவுல பூசியிருக்கிறது என்னன்னு ஓரமா ஒரு விரக்கடை சுரண்டிப் பாக்கணும். வெள்ளையா பொடிப்பொடியா செங்கல் தூளோட வந்தா சுண்ணாம்புக் காரை, சாம்பல் நிறத்துல கெட்டியா வந்தா சிமெண்ட். நம்ம பக்கம் சிமெண்ட் தாராளமா புழங்குனது மதுக்கரை ஃபேக்டரி 1934-லயும் தாழையூத்து 1949-லயும் வந்ததுக்கு அப்புறம்தான்.

அப்ப கீழ்த்தளம்? அதுதான் வீட்டுலயே சுவாரசியமான பகுதி. நீங்க அனுப்புன போட்டோல முற்றத்துக்கு தெக்க நிக்கிற ரெண்டாவது தூண பாருங்க, இடுப்பு உயரத்துல ஒரு சதுர துளை இருக்கு, அதுக்கு நேரா ஒரு சாண் மேல இன்னொண்ணு, ரெண்டுத்துலயும் எதுவும் மாட்டல, உள்ள சுண்ணாம்பு அடிச்சு அடிச்சு பாதி மூடியிருக்கு. தூணுக்கு நடுவுல வேல இல்லாத துளை எந்த ஆசாரியும் போட மாட்டாரு. அந்த தூணு வேற எங்கயோ, கிராதியோ தடுப்போ கோத்து நின்ன தூணு. பிரிச்சு கொண்டாந்து இங்க நிறுத்தியிருக்காங்க, இல்லன்னா இதே மனையில இருந்த பழைய வீட்டுத் தூணையே புது வீட்டுக்கு பயன்படுத்தியிருக்காங்க. அந்த காலத்துல நல்ல மரத்த யாரும் விறகாக்க மாட்டாங்க, வீடு போனாலும் தூணு அடுத்த வீட்டுக்கு போயிரும். அதனால எட்டு தூணுக்கும் ஒரே வயசுன்னு நினைக்காதீங்க. ராத்திரி லைட்ட அணைச்சுட்டு டார்ச்ச தூணோட ஒட்டி சாய்ச்சு பிடிச்சுப் பாருங்க, வாச்சியால (ஆசாரி மரம் செதுக்குற கைக்கருவி) செதுக்குன தூணுன்னா சின்னச்சின்ன பள்ளமா அலையலையா தெரியும், ஆள் ரம்பத்துல அறுத்ததுன்னா கோடு நேரா ஆனா ஒழுங்கில்லாம இருக்கும், மெஷின் வட்ட ரம்பத்துல அறுத்ததுன்னா கோடு வில்லு மாதிரி வளைஞ்சு ஓடும். ஆணியையும் பாருங்க, கொல்லன் பட்டறையில அடிச்ச ஆணி சதுரமா தலை கோணலா இருக்கும், கம்பி ஆணி உருண்டை. சதுர ஆணியும் வாச்சி தழும்பும் சேர்ந்திருக்கிற தூணுங்கதான் உங்க வீட்டுல மூத்தது.

"எல்லாமே பர்மா தேக்கு"ன்னு வீட்டுக்கு வீடு சொல்வாங்க, பாதி வீட்டுல பொய். பழைய தூணுங்க உள்ளூர் மரமாத்தான் இருக்கும், வேங்கை, இலுப்பை, வேம்பு, மருதுன்னு, மேற்க மலைப்பக்கத்துலேர்ந்து மாட்டுவண்டியில வந்தது. பர்மா தேக்கு பெரிய அளவுல வந்தது 1852-ல இங்கிலீஷ்காரன் கீழ் பர்மாவ பிடிச்சு, நம்ம செட்டியாருங்க அங்க லேவாதேவிக்கு போய், ரங்கூன், மோல்மீன்ல கப்பல் ஏத்த ஆரம்பிச்சதுக்கு அப்புறம். 1942-ல ஜப்பான்காரன் பர்மாவ பிடிச்சதும் வரத்து படுத்துருச்சு. காரைக்குடி பக்கம் இருக்கிற அரண்மனை மாதிரி வீடுங்க எல்லாம் அந்த இடைவெளியில வந்ததுதான், மதுரை வியாபாரிங்களும் அதே மரத்தத்தான் வாங்குனாங்க. அந்த தேக்கு இன்னிக்கு வர்ற தேக்கு மாதிரி கிடையாது. பச்சைத் தேக்கு தண்ணில மிதக்காது, ஆத்துல விட்டுத்தான் இறக்கணும், அதனால காட்டுலயே மரத்த சுத்தி பட்டையோட சேர்த்து வளையமா வெட்டி விட்டு ரெண்டு மூணு வருசம் நின்னபடியே சாக விட்டு காய வெச்சு அப்புறம்தான் வெட்டுவாங்க. முழுசா வைரம் ஏறுன முத்துன மரம், நின்னுக்கிட்டே காஞ்சது. உங்க வீட்டு விஷயத்துல பின்கட்டு கதவு, ஜன்னல், மாடிப்படி எல்லாம் பர்மாவா இருக்க நல்ல வாய்ப்பு இருக்கு, முற்றத்து தூணுங்க எனக்கு சந்தேகம். போட்டோவ வெச்சு மரம் சொல்ல முடியாது, வயசான ஆசாரி ஒருத்தர கூட்டிட்டுப் போயி கண்ணுக்கு தெரியாத இடத்துல லேசா சீவச் சொல்லுங்க. தேக்குன்னா எண்ணெய்ப் பிசுக்கும் தோல் வாடை மாதிரி ஒரு வாடையும் வரும், வேங்கைன்னா சீவுனத ஈரத்துணியில வெச்சா மஞ்சக் கறை விடும்.

இதெல்லாம் வீடு சொல்றது, மிச்சத்த பத்திரம் சொல்லும். ஆன்லைன்ல எடுக்குற வில்லங்கம் ரொம்ப பின்னாடி போகாது, சார்பதிவாளர் ஆபீஸ்ல மனு குடுத்து பழைய புத்தகத்துல தேடச் சொல்லணும், அலைய விடுவாங்க, பொறுமையா போங்க. அதுக்கு முன்னாடி வீட்டுலயே இரும்புப் பெட்டி, பூஜை ரூம் பரண்னு கிளறுங்க, பாகப்பிரிவினை பத்திரம், அடமானப் பத்திரம் எது கிடைச்சாலும் சரி. முத்திரைத்தாள்ல தேதி அழிஞ்சு போயிருந்தாலும் தலை இருக்கும். ராணி விக்டோரியா தலைன்னா 1901-க்கு முந்தி வித்த தாள், எட்வர்டுன்னா 1910 வரைக்கும், அஞ்சாம் ஜார்ஜ்னா 1936 ஆரம்பம் வரைக்கும். வரி ரசீதுலயோ பழைய கணக்குலயோ 1290, 1310-னு நாலு இலக்கம் இருந்தா பயந்துராதீங்க, அது பசலி, வருவாய்க் கணக்குக்கு வெச்ச வருசம், 590 கூட்டிக்கோங்க. பசலி 1300-னா 1890-91. முனிசிபாலிட்டியே 1866-லதான் வந்துச்சு, அதனால வீட்டு வரி காகிதம் அதுக்கு முன்னாடி தேடுறது வீண். பத்திரத்துல முக்கியமா நாலு மால, அதாவது நாலு பக்க எல்லை எழுதியிருக்கிற இடத்த பாருங்க, "ஓட்டு வீடு", "மச்சு வீடு", "காரை வீடு", "மெத்தை வீடு"ன்னு எழுதியிருப்பாங்க, எந்த வருசத்து பத்திரத்துல மெத்தைன்னு முதல்ல வருதோ அதுக்குள்ள மாடி கட்டியாச்சு. என் கணக்கு இதான்: கீழ்க்கட்டு 19-ம் நூற்றாண்டு, ரயிலுக்கு முன்னயா பின்னயாங்கிறத கை மரம் சொல்லும், அதுக்குள்ள அதவிட பழைய தூணு சிலது, பின்கட்டு மாடியும் வாசலும் 1936. பத்திரம் வேற சொன்னா பத்திரத்த நம்புங்க.

இப்ப அந்த ரெண்டு தூணு. மர வியாபாரி கேட்ட ரெண்டும் எதுன்னு யோசிச்சுப் பாருங்க, கண்டிப்பா போதிகையில பூவேலை இருக்கிற மூலைத்தூணுங்களாத்தான் இருக்கும். முற்றத்தோட மூலைல ரெண்டு பக்க உத்திரமும், கூரையோட மூலைக்கையும் வந்து உக்கார்றது அந்த தூணு தலையிலதான். "எடுத்துட்டு இரும்பு பைப்பு குடுத்துர்றேன்"னு சொல்வாங்க, குடுப்பாங்க, ஆனா போதிகை போயிருச்சுன்னா உத்திரம் தாங்குற அகலம் போயிரும், பைப்பு மேல ஒரு சின்ன தகடுல மொத்த பாரமும் இறங்கி உத்திரத்துலயே கடிச்சு உள்ள போயிரும். தூண தூக்கும்போது முட்டு குடுக்குறதுல ஒரு அங்குலம் பிசகுனா மேல மச்சு விரிசல் விட்டு மழைத்தண்ணி உள்ள இறங்கும். விக்கிறதுன்னா வீட்ட மொத்தமா பிரிக்கிறப்ப வில்லுங்க, நிக்கிற வீட்டுல உருவாதீங்க.

அஞ்சு மாடி ஆசை காட்டுனவருக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க, மீனாட்சி அம்மன் கோயில சுத்தி 1 கிலோமீட்டருக்குள்ள 9 மீட்டர் உயரத்துக்கு மேல கட்டக்கூடாதுன்னு 1997-லயே அரசாணை இருக்கு. ஆவணி மூல வீதி கோயிலுக்கு எவ்வளவு தூரம்னு உங்களுக்கு நான் சொல்லணுமா. இடிச்சாலும் தரைத்தளமும் ரெண்டு மாடியும்தான், அதுவும் சந்து அகலத்துக்கு விட வேண்டிய இடத்த விட்டு.

வீட்ட வெச்சுக்கப் போறீங்கன்னா செலவு பண்ண வேண்டிய வரிசைய நான் சொல்றேன், பெயிண்டும் பாலிஷும் கடைசி. மொதல்ல தூணு அடி. டைல்ஸ தூண சுத்தி ஒரு சாண் வெட்டி எடுத்து கல்லு தெரியுற வரைக்கும் தோண்டி காத்து படும்படி விடுங்க, அடிமரத்துல ஒரு குத்தூசிய வெச்சு அழுத்திப் பாருங்க, அரை அங்குலத்துக்கு மேல சுலபமா இறங்குச்சுன்னா அடி மக்கிருச்சு, அந்த துண்ட மட்டும் வெட்டி அதே ஜாதி மரத்துல ஒட்டுக் குடுக்க ஆசாரிக்கு தெரியும். அடுத்தது மச்சு. பின்கட்டு மாடித் தரை மெட்ராஸ் டெரஸ் வேலை, கட்டை மேல மெல்லிசு செங்கல குறுக்கு சாய்வா செங்குத்தா நட்டு, மேல சுண்ணாம்பு ஜல்லி போட்டு, கடுக்காயும் வெல்லமும் ஊறவெச்ச தண்ணிய தெளிச்சு தெளிச்சு பொம்பளையாளுங்க நாள்கணக்கா கட்டையால அடிச்சு இறுக்குனது, அதுக்கு மேல தட்டோடு. ஒழுகுதுன்னு யாராவது அது மேல மூணு அங்குலம் சிமெண்ட் போடலாம்னா போட விடாதீங்க. பாரமும் ஏறும், சுண்ணாம்பு குடிச்ச ஈரம் மேல ஆவியாக வழியில்லாம கீழ கட்டைக்கு இறங்கும், அதுலயும் சுவருக்குள்ள போயிருக்கிற முனைதான் மொதல்ல மக்கும், வெளியிலேர்ந்து பாக்க ஒண்ணும் தெரியாது. ஒரு நாள் கட்டை முனை சுவர விட்டு வழுக்கும். தட்டோட்ட எடுத்துட்டு சுண்ணாம்புலயே மராமத்து பண்ற கொத்தனாருங்க காரைக்குடி பக்கம் இன்னும் இருக்காங்க, கூலி கூடத்தான். ஐப்பசி மழைக்கு முன்னாடி முற்றத்து மூலையில அந்த தகரக் குழாயையும் மாத்திருங்க, போட்டோல அது ஒழுகி நேரா அந்த ரெண்டு துளை இருக்கிற தூணு மேலதான் ஊத்துது.